தீபாவளிக்குப் பத்துப் பெண்கள், கையில் 2000 ரூபாய்: என்ன வாங்கலாம்?

28 செப்டம்பர் 2025, கேள்வி

முதல் வேலை, முதல் போனஸ். தீபாவளிக்கு வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் என் கையால் ஏதாவது கொடுக்க ஆசை. அம்மா, அப்பத்தா, பெரியம்மா, சித்தி, இரண்டு அத்தைகள், அக்கா, மதினி, தங்கச்சி, அப்புறம் எனக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு எடுத்த பக்கத்து வீட்டு டீச்சர். பத்துப் பேர், 2000 ரூபாய். ஆன்லைனில் 199 ரூபாய்க்குப் பன்னிரண்டு பொருள் அடங்கிய மேக்கப் பெட்டி வருகிறது. பத்துப் பெட்டி வாங்கினால் வேலை முடிந்தது. சரிதானே?

28 செப்டம்பர், இரவு

வாங்க வேண்டாம் தம்பி.

மதுரையில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் 9 வருடம் கண்ணாடி கவுண்டருக்குப் பின்னால் நின்றவள் நான். இந்தப் பெட்டிகள் தீபாவளிக்கு முந்தைய வாரம் மலைபோல் வந்து இறங்கும். கார்த்திகை பிறப்பதற்குள் பலர் பிரிக்காத பெட்டியோடு திரும்பி வருவார்கள், "இதை எடுத்துக்கொண்டு வளையல் கொடுங்கள்" என்று. உள்ளே நீலம், பச்சை, வெள்ளி நிறத்தில் கண்ணிமைப் பவுடர், பொம்மைக்குச் செய்தது போல ஒரு பிரஷ், மெழுகு வாசனை அடிக்கும் லிப்ஸ்டிக். உங்கள் அப்பத்தா அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

199ஐப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். ஒரு பொருளுக்கு 17 ரூபாய்கூட வரவில்லை. அதிலேயே அட்டை, மினுக்குத்தாள், கொரியர், விற்பவர் லாபம் எல்லாம் அடக்கம். முகத்தில் படப்போகும் பொருளுக்கு மிஞ்சுவது எவ்வளவு?

பெட்டியைத் திருப்பி அடியில் பாருங்கள். செய்தவர் பெயர், முழு முகவரி, உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், என்னென்ன சேர்ந்திருக்கிறது. இவ்வளவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவர் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். எங்கள் கவுண்டருக்கு வந்த பெட்டிகளில் பலவற்றில் ஒரு நாட்டின் பெயர் மட்டும் இருக்கும், வேறொன்றும் இருக்காது.

ஒரு வேலை செய்யுங்கள். ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போவீர்கள் அல்லவா? ஒவ்வொரு வீட்டிலும் குளியலறை ஜன்னல் திட்டையும், முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையையும் ஒரு முறை பாருங்கள். என்ன இருக்கிறது, எது தீரப்போகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அப்புறம் பேசலாம்.

30 செப்டம்பர்

சோப்பைப் பரிசாகக் கொடுப்பது கௌரவக் குறைச்சல் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தினமும் கையில் எடுக்கும் பொருள் அது.

இப்போது என் முன்னால் இரண்டு உறைகள் கிடக்கின்றன. ஒரே அளவு, இரண்டிலும் ரோஜாப் படம். ஒன்றின் ஓரத்தில் எறும்பு எழுத்தில் "டாய்லெட் சோப், கிரேடு 1, டிஎஃப்எம் 76%" என்று இருக்கிறது. மற்றதில் "பேதிங் பார்" என்று மட்டும். டிஎஃப்எம் என்பது கட்டியில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. இந்தியத் தர நிர்ணயப்படி முதல் தரச் சோப்புக்குக் குறைந்தது 76 சதவீதம், இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. பேதிங் பாருக்கு 40 இருந்தாலே போதும். குறைகிற இடத்தை நிரப்புவது தண்ணீரும் பொடிக் கலவைகளும்தான். சில சோப்புகள் சோப்புப் பெட்டியில் இரண்டே நாளில் கூழாகிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். காசு கரைகிறது என்று என் மாமியார் சொல்வது அதைத்தான்.

வயதானவர்களுக்கு நான் எடுப்பது மைசூர் சாண்டல். முதல் தரச் சோப்பு, விலையும் நம் கைக்கு அடங்கும். முதல் உலகப் போரின்போது கப்பலில் ஏற்ற வழியில்லாமல் சந்தனக்கட்டை மைசூரில் தேங்கிப்போனது. மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் 1916இல் சந்தன எண்ணெய் எடுக்கிற வேலையைத் தொடங்கினார்கள். அந்த எண்ணெயிலிருந்து பிறந்த சோப்பு இது. இன்றைக்கும் கர்நாடக அரசு நிறுவனம்தான் செய்கிறது. நகைப்பெட்டி மாதிரி அட்டை, முட்டை வடிவக் கட்டி, யானைத் தலையும் சிங்க உடலுமாக ஒரு சரபம். அந்த அட்டையைப் பார்த்ததும் எங்கள் தெருப் பாட்டிகளின் முகம் மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

1 அக்டோபர்

பண விஷயம் ஒன்று. செப்டம்பர் 22 முதல் கட்டிச் சோப்பு, ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், முகப் பவுடர் ஆகியவற்றுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. க்ரீம், லோஷன், லிப்ஸ்டிக் பழையபடி 18தான். கடைகளில் பழைய விலை அச்சடித்த சரக்கு இன்னும் இருக்கும். பில் போடும்போது கேளுங்கள். பத்துப் பேருக்கு வாங்குகிறவருக்கு ஒரு சோப்பு மிச்சமானாலும் நல்லதுதானே.

2 அக்டோபர்

முந்தாநாள் எழுதியதில் ஒரு திருத்தம். டிஎஃப்எம் குறைந்தால் எல்லாமே மட்டம் என்கிற மாதிரி எழுதிவிட்டேன். அது முழுக்கச் சரியில்லை.

சோப்பு என்றே சொல்ல முடியாத கட்டிகள் சில உண்டு. எண்ணெயும் காரமும் சேர்த்துக் காய்ச்சாமல், மென்மையான வேறு நுரைப் பொருளால் செய்தவை. அவற்றில் டிஎஃப்எம் பார்ப்பதில் அர்த்தமில்லை. அமிலம், காரம் அளக்கும் பிஹெச் கணக்கில் சாதாரண சோப்பு 9, 10 என்று இருக்கும். நம் தோலோ 5ஐ ஒட்டிய லேசான அமிலத்தன்மை உள்ளது. தோல் வறண்டு வெடிக்கிறவர்களுக்கும் கரப்பான் உள்ளவர்களுக்கும் தோல் மருத்துவர்கள் இந்தச் சோப்பில்லாக் கட்டிகளைத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். ஆக, நல்ல தோலுக்கு டிஎஃப்எம் பாருங்கள். அரிப்பெடுக்கும் தோலுக்கு வாசனையே இல்லாததைப் பாருங்கள்.

3 அக்டோபர்

தம்பி பட்டியல் அனுப்பிவிட்டார். படித்து எனக்குச் சந்தோஷம். ஒருவர் வீட்டுப் பலகையை இவ்வளவு கவனமாகப் பார்த்தாலே பாதிப் பரிசு வாங்கியாயிற்று.

அப்பத்தா: தேங்காய் எண்ணெய், சீயக்காய்த் தூள், வேறொன்றுமில்லை. அம்மா: அடியைத் தட்டினால் விழும் நிலையில் சந்தனப் பவுடர் டப்பா, கண்ணாடியில் ஒட்டிய பொட்டுகள். சித்தி: குதிகாலில் பித்தவெடிப்பு, பலகையில் காலித் தைல பாட்டில். அக்கா: ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவர், கழுத்துக்கும் கைக்கும் இரண்டு நிறம். மதினி: நான்கு மாதக் கைக்குழந்தை. அத்தைகள் இருவர் வீட்டிலும் நலங்கு மாவு டப்பா. தங்கச்சி: பருவுக்கு மூன்று டியூப், மூன்றும் பாதி. பெரியம்மா: பெயரும் முகவரியும் புரியாத எழுத்தில் ஒரு க்ரீம் டப்பா.

டீச்சர் வீட்டுக் குளியலறையை எட்டிப் பார்க்க முடியாது என்று எழுதியிருக்கிறார். சரிதான்! டீச்சரின் கையைப் பாருங்கள். முப்பது வருடம் சாக்பீஸ் பிடித்த விரல்கள் எப்படிக் காய்ந்து வெளுத்திருக்கும் தெரியுமா? கைக்குப் போடும் ஒரு க்ரீம், முடிந்தால் கிளிசரின் சேர்ந்தது. அவர் அதை யாரிடமும் கேட்டு வாங்கியிருக்க மாட்டார்.

பெரியம்மாவின் டப்பாவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இன்று எழுத மனம் வரவில்லை.

4 அக்டோபர்

அத்தைகளுக்கு வீட்டிலேயே நலங்கு மாவு அரைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாக. செலவு குறைவு, மணம் கடைப் பொருளுக்கு வராது.

நான் போடுவது: பச்சைப்பயறு அரைக் கிலோ, கடலைப்பருப்பு கால் கிலோ, பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள் மூன்றும் ஐம்பது ஐம்பது கிராம், காய்ந்த ரோஜா இதழ், ஆவாரம்பூ, வெட்டிவேர் ஒவ்வொரு கைப்பிடி. எல்லாவற்றையும் மொட்டை மாடியில் இரண்டு நாள் காயவைத்து, மாவு மில்லில் கொடுத்து அரைக்க வேண்டும். மிளகாய் அரைத்த கையோடு நம்முடையதைப் போட்டுவிடுவார்கள், அதனால் காலையில் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். அரைத்ததும் சூடு ஆறும்வரை செய்தித்தாளில் பரப்பி வைத்து, வெள்ளைத் துணியில் சலிக்க வேண்டும். சலிக்காமல் தேய்த்தால் பருப்புக் குருணை தோலைக் கீறும்.

கஸ்தூரி மஞ்சள் வாங்கும்போது கவனம். உடைத்தால் பளிச்சென்று மஞ்சளாக இருப்பதைப் பல கடைகளில் அந்தப் பெயரில் கொடுக்கிறார்கள். உண்மையான கிழங்கு வெளிறிய நிறம், முகர்ந்தால் கற்பூர வாசனை. சமையல் மஞ்சள் மாதிரி முகத்திலும் துண்டிலும் கறை ஏறாது.

இப்போது முக்கியமானது. நலங்கு மாவில் கார்போகரிசி என்ற விதையையும் சேர்ப்பது வழக்கம். நான் இப்போது சேர்ப்பதில்லை. 2022இல் என் அக்கா மகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கியபோது ஒரு டப்பா அரைத்துக் கொடுத்தேன். தோலுக்கு நல்லது என்று கார்போகரிசியை இரண்டு பங்காகப் போட்டேன். அவள் காலையில் தேய்த்துக் குளித்துவிட்டு பஸ் நிறுத்தம்வரை ஒன்றரை கிலோமீட்டர் வெயிலில் நடப்பவள். பத்தே நாளில் கழுத்திலும் முன்கையிலும் சிவந்து, எரிந்து, அப்புறம் கறுப்புத் திட்டாக நின்றுவிட்டது. துப்பட்டா மறைத்த இடத்தில் ஒன்றுமில்லை, வெயில் பட்ட இடத்தில் மட்டும். அந்த விதையில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். வெண்புள்ளிக்கு அந்த விதையைக் கொடுத்து வெயில் காட்டச் சொல்வதும் இதே காரணத்தால்தான். மருந்தாக, அளவோடு, தெரிந்தவர் கையால் செய்யவேண்டியதை நான் குளியல் பொடியில் கொட்டிவிட்டேன். அவளுக்கு அது மங்க ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் அவள் முழுக்கைச் சட்டைதான் போட்டாள்.

7 அக்டோபர்

"பாகுச்சியால் சீரம் என்று ஆயிரக்கணக்கில் விற்கிறார்களே, அது உங்கள் கார்போகரிசியா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், அதே செடி, அதே விதை. வடமொழியில் பாகுச்சி. சுருக்கத்துக்குப் போடுவதற்காக அதிலிருந்து பாகுச்சியால் என்ற ஒரு பொருளை மட்டும் பிரித்து, சோராலெனை நீக்கிச் சுத்தப்படுத்துகிறார்கள். ஒழுங்காகச் சுத்தம் செய்ததில் அந்த வெயில் பிரச்சினை இல்லை. விதையை அப்படியே அரைத்துப் பூசுவதும் அதுவும் ஒன்றில்லை. "சீரத்தில் இருக்கிறதே, மாவில் போட்டால் என்ன" என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

வெயில் பட்டால் தோலை எரிப்பதில் எலுமிச்சைச் சாறும் கார்போகரிசி மாதிரிதான். முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள்.

9 அக்டோபர்

பெரியம்மாவின் டப்பா.

எனக்குக் கல்யாணமான புதிதில், மறுவீட்டுக்கு வந்த ஒரு உறவுக்காரர் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். பிரித்தால் சிவப்பழகு க்ரீம். பாசத்தோடு கொடுத்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்று ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று, எல்லாரும் என்னைப் பார்த்து என்ன நினைக்கிறார்கள் என்று முதல் தடவையாக யோசித்தேன். அதற்கு முன் என் நிறத்தைப் பற்றி நான் நினைத்ததே இல்லை.

அந்தக் க்ரீம் ஒன்றும் செய்யவில்லை. அதனால் தெருமுனை மருந்துக்கடையில் கேட்டேன். கடைக்காரர் சின்ன டியூப் ஒன்று கொடுத்தார், சீட்டு எதுவும் கேட்கவில்லை. இரண்டே வாரத்தில் முகம் பளபளவென்று ஆனது. எல்லாரும் கேட்டார்கள். நான் நான்கு பேருக்குப் பெயர் எழுதிக் கொடுத்தேன். ஆறாம் மாதம் ஒரு நாள் போடாமல் விட்டால் முகம் தீயாக எரிந்தது. அடுப்பு முன்னால் நிற்க முடியவில்லை. கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு, தாடையில் பூனை முடி, நெற்றி நிறையப் பரு. தோல் மருத்துவர் டியூபை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஸ்டீராய்டு அம்மா, முகத்துக்குத் தினமும் போடுகிற க்ரீமே இல்லை" என்றார். பழைய நிலைக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. பெயர் எழுதிக் கொடுத்த நான்கு பேரையும் தேடிப்போய் நிறுத்தச் சொன்னேன். ஒருவர் கேட்கவில்லை.

2018இல் அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. நாட்டில் அதிகம் விற்ற சிவப்பழகு க்ரீமே 2020இல் தன் பெயரிலிருந்து "ஃபேர்" என்ற சொல்லை எடுத்துவிட்டது. அதே ஆண்டு வந்த அழகுப்பொருள் விதிகள், பாதரசம் சேர்த்து எதையும் செய்யக் கூடாது என்கின்றன. இவ்வளவுக்குப் பிறகும் முகவரியில்லாத டப்பாக்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரக வடிகட்டியைப் பாதிக்கிற ஒரு நோயோடு வந்த 22 பேரைக் கோட்டக்கல் மருத்துவர்கள் கவனித்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் ஒரு அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் போட்டவர்கள். காரணம் பாதரசம். அது தோலில் கருநிறமி உண்டாவதைத் தடுக்கும், அதனால் முகம் வெளுக்கும். தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைப் பிடிக்கும், அதனால் புரதம் சிறுநீரில் இறங்கும். கால் வீங்கும், சிறுநீர் நுரைக்கும்.

தம்பி, பெரியம்மாவிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். போனில் வேண்டாம், மற்றவர்கள் முன்னாலும் வேண்டாம். "கறுப்பு ஒன்றும் குறையில்லை பெரியம்மா" என்று தொடங்காதீர்கள், அது இன்னும் வலிக்கும். டப்பாவில் முகவரி இல்லை, சிறுநீரகத்துக்கு ஆபத்து, ஒரு தடவை சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடலாம், நானே கூட்டிப்போகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். பரிசாக அந்தச் சந்தனச் சோப்பு மூன்று கட்டி. முகத்தை மாற்றச் சொல்லாத பொருள்.

10 அக்டோபர்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, அப்படியானால் முகத்துக்கான எதையும் பரிசாகக் கொடுக்கக் கூடாதா என்று கேட்கிறார்கள். நான் வைத்திருக்கும் கணக்கு இது. அவர் கேட்டிருந்தால் கொடுக்கலாம், ஏற்கெனவே போடுகிறார் என்றால் கொடுக்கலாம். பருவுக்கு, நிறத்துக்கு, சுருக்கத்துக்கு, வயதுக்கு என்று நாமாகக் கொடுக்கக் கூடாது. தங்கச்சிக்கும் இதையே சொல்வேன். அவளிடம் மூன்று டியூப் பாதியில் கிடக்கிறது, நான்காவது எதற்கு? அந்த 200 ரூபாயைத் தோல் மருத்துவர் கட்டணத்துக்குச் சேர்த்துக் கொடுங்கள், கூடவே ஒரு நல்ல தலைமுடிக் கிளிப்பும்.

12 அக்டோபர்

மிச்சப் பேருக்கு.

சித்தியின் பித்தவெடிப்புக்குப் பெட்ரோலியம் ஜெல்லி. வாசலின் என்று எல்லாரும் சொல்வது. எண்ணெய்க் கிணற்றுப் பம்புத் தண்டுகளில் ஒட்டிய மெழுகுக் கசடைத் தொழிலாளர்கள் புண்ணுக்குத் தடவுவதைப் பார்த்து, செஸ்ப்ரோ என்ற அமெரிக்கர் அதைச் சுத்தம் செய்து 1872இல் காப்புரிமை வாங்கினார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் விலை குறைந்த, தொந்தரவு இல்லாத பொருள் அது. ராத்திரி காலைக் கழுவி, ஈரம் முழுக்கக் காயுமுன் தடவி, பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு படுக்க வேண்டும். அதனால் காலுறையையும் சேர்த்துக் கொடுங்கள். காலுறை இல்லாமல் அந்தப் பரிசு முழுதாகாது.

மதினிக்கு வாசனை இல்லாத எதையும். கைக்குழந்தை நாள் முழுக்க அவர் தோளில் முகம் புதைத்துக் கிடக்கும். சுருக்கத்துக்குப் போடும் ரெட்டினால் என்று எழுதியது எதுவும் வேண்டாம். குழந்தையின் கண்ணுக்கு மையும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அப்பத்தாவுக்கு மரச்செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் அரை லிட்டர். தலைக்கும் உடம்புக்கும் அருமை. அதையே பரு வருகிற தங்கச்சி முகத்தில் தேய்த்தால் துவாரம் அடைத்துக்கொள்ளும்.

அம்மாவுக்கு அந்தச் சந்தனப் பவுடர். தீர்ந்துபோகும் டப்பாவின் இடத்தில் புது டப்பா நிற்பதைப் பார்த்தால் அம்மாவுக்குப் புரியும்.

13 அக்டோபர்

அம்மாவின் பவுடரைப் பற்றி ராத்திரி முழுக்க யோசித்தேன். 2024 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இந்த மாதிரிப் பவுடர்களில் சேரும் டால்க் என்ற கனிமத்தூளை "மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்" என்ற வரிசையில் வைத்தது. முப்பது வருடமாகப் போட்டுவரும் வாசனையை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் குலுக்கிக் கொட்டிப் புகைபோல் பறக்கவிட வேண்டாம், உள்ளாடைப் பகுதியில் வேண்டாம், குழந்தை பக்கத்தில் இருக்கும்போது வேண்டவே வேண்டாம். உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்துக் கழுத்தில் ஒற்றினால் போதும். சின்ன டப்பாவாக வாங்கிக்கொண்டு, மிச்சக் காசுக்கு அம்மாவுக்கு மல்லிகைப்பூ. மதுரையில் இருந்துகொண்டு பூ வாங்காமல் தீபாவளியா?

15 அக்டோபர்

அக்காவின் சன்ஸ்க்ரீன். ஐந்து நாளில் தீபாவளி, அதனால் சுருக்கமாக.

டியூபில் எழுதியிருக்கும் வெயில் தடுப்பு எண், அதாவது எஸ்பிஎஃப், 30 என்றால் சுட்டெரிக்கும் கதிர்களில் ஏறக்குறைய 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. அதற்கு மேல் எழுதிய எண்ணுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனிவரை ஒரு கோடு பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்குமான அளவு. அந்தக் கணக்கில் 50 கிராம் டியூப் ஒன்றரை மாதத்துக்குத்தான் வரும். பொட்டுப்போல் வைத்து ஆறு மாதம் ஓட்டினால் பயனில்லை. கடையில் சோதித்துப் பார்க்கக் கொடுத்தால் மணிக்கட்டில் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டில் நன்றாகத் தெரிவது நம் நிறத்தின் மேல் வெளியே சாம்பல் பூத்தது மாதிரி நிற்கும். அப்புறம் அக்காவுக்கு முழங்கைக்கு மேல் வரும் ஒரு பருத்திக் கையுறை. ஸ்கூட்டர் கைப்பிடியில் வெயில் நேராக விழுவது கையில்தான்.

21 அக்டோபர்

நேற்று தீபாவளி. நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, கண் எரிய எரியக் குளித்தாயிற்று.

என் வீட்டுக் கதை ஒன்று. எங்கள் தெருவைக் கூட்டும் அக்காவுக்கு வருடா வருடம் ஒவ்வொரு வீட்டிலும் புடவையோ பலகாரமோ கொடுப்பார்கள். இந்த முறை நான் சித்திக்குச் சொன்னதையே செய்தேன். பெட்ரோலியம் ஜெல்லி ஒரு டப்பா, இரண்டு ஜோடிக் காலுறை. அவர் திண்ணையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். குதிகால் முழுக்க வயல் வெடித்த மாதிரி, ஒரு வெடிப்பின் உள்ளே ரத்தம் காய்ந்திருந்தது. அதற்குள் மண். நான் வெந்நீர் எடுத்து வந்தேன். வேண்டாம் வேண்டாம் என்று காலை இழுத்துக்கொண்டார். அப்புறம் அவரே கழுவி, துண்டால் ஒற்றி, விரல் நுனியால் கொஞ்சமாக எடுத்து வெடிப்பை ஒட்டி ஒட்டித் தடவினார். "இவ்வளவுதானா, இது எவ்வளவு?" என்று கேட்டார். சொன்னேன். "இதை யாருமே சொல்லவில்லையே" என்றார்.

ரத்தம் வரும் வெடிப்பு என்பதால் சர்க்கரைப் பரிசோதனையும் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

16 நவம்பர்

ஒரு சின்னக் குறிப்பு. புதிதாக எதையாவது முழு டியூப் வாங்குமுன், சின்னப் பாக்கெட் கிடைத்தால் அதை வாங்கிப் பாருங்கள். ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து ஏழை வீட்டுக்கும் எட்ட வைத்தவர்களில் முன்னோடி நம் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பு தொடங்கினார். பெயரே அப்பாவின் பெயரிலிருந்து வந்தது. நான் சிறுமியாக இருந்தபோது அந்தப் பாக்கெட்டை வெள்ளிக்கிழமைக்காகப் பத்திரப்படுத்துவோம், பல்லால் கடித்துத் திறந்து இரண்டு பேர் பங்கு போடுவோம்.

முகத்துக்கானது என்றால் முழங்கையின் உள்மடிப்பில் இரண்டு மூன்று நாள் தடவிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். டப்பாவின் பின்னால் மூடி திறந்த ஜாடிப் படமும் அதில் 6 எம், 12 எம் என்றும் இருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம். திறந்த தேதியைப் பேனாவால் டப்பாவிலேயே எழுதிவிடுங்கள்.

18 ஜனவரி 2026

பொங்கலுக்கு ஊருக்குப் போன தம்பி எழுதியிருக்கிறார். சித்தி இரண்டாவது டப்பா வாங்கிவிட்டார். டீச்சர் க்ரீமை எங்கே வாங்கினாய் என்று கேட்டிருக்கிறார். அக்கா கையுறையை ஒரு நாள்தான் போட்டாராம், வியர்க்கிறதாம். அது என் தவறு, மெல்லிய துணி என்று சொல்லியிருக்க வேண்டும்.

பெரியம்மா முதலில் ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் அவரே கூப்பிட்டுப் பரிசோதனைக்குப் போயிருக்கிறார். சிறுநீரில் புரதம் இல்லை. இதைப் படித்ததும் எழுந்து போய் சாமி விளக்கில் எண்ணெய் ஊற்றிவிட்டு வந்தேன். அந்த டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டார்.

ஆனால் சந்தனச் சோப்பு மூன்றையும் பெரியம்மா இன்னும் பிரிக்கவே இல்லையாம். பீரோவில் கல்யாணப் பட்டுப் புடவைக்கு நடுவே வைத்திருக்கிறாராம், பயன்படுத்தச் சொல்லுங்கள் என்று தம்பி என்னிடம் கேட்கிறார். வேண்டாம், விட்டுவிடுங்கள். என் அம்மாவும் அப்படித்தான் வைப்பார். பீரோவில் ஒரு வருடம் இருந்த கட்டி ஈரம் வற்றி இறுகிவிடும், அப்புறம் எடுத்தால் மெதுவாகத்தான் கரையும். அட்டைப்பெட்டியோடு வைக்கச் சொல்லுங்கள், உறையைப் பிரித்து வைத்தால் எண்ணெய்க் கறை பட்டில் இறங்கும். ஜரிகைப் பக்கம் மட்டும் வேண்டாம்.